குளிர்ப்பூ நாற்றும் அக்காவின் விசாவும்

1

சுமதி இறந்து ஒரு வருடம் முடிந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தபால் வந்தது. விதைக் கம்பெனி ஒன்றின் விளம்பரப் புத்தகம். பெறுநர் இருக்க வேண்டிய இடத்தில் 'தற்போது குடியிருப்பவருக்கு' என்று அச்சடித்திருந்தார்கள். கனடாவுக்கு வந்த பதினான்கு வருடத்தில் என்னை இவ்வளவு துல்லியமாக யாரும் விளித்ததில்லை.

மார்ச் மாதம். எங்கள் ஊர் நெய்வேலியில் இந்நேரம் மின்விசிறியைக் கூட்டி வைத்திருப்பார்கள். எட்மன்டனில் வாசற்படியைக் காணவில்லை. பனிக்கு அடியில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கால் வைத்துக்கொண்டிருந்தேன். சுமதியின் படத்துக்கு முன்னால் சாதமும் அவளுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். பதினைந்து வயது மகள் யாழினி கைகட்டிப் பக்கத்தில் நின்றாள். இரண்டு நிமிடம் கழித்து, "முடிஞ்சுதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முடிந்தது என்றேன். மாடிக்குப் போய்விட்டாள். பொரியலை நான்தான் சாப்பிட்டேன். உப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வருடமும் நான் அழவில்லை. இதில் பெருமை எதுவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்து அலுவலகம் போன முதல் நாள், நம் ஊர் ஆபீஸ் வழக்கப்படி "மை வைஃப் எக்ஸ்பயர்ட்" என்று சொன்னேன். மேலாளர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், இந்த ஊரில் எக்ஸ்பயர் ஆவது பால் பாக்கெட் மட்டும் என்பது உறைத்தது. கம்பெனியே ஏற்பாடு செய்த துக்க ஆலோசகர் தொலைபேசியில் வந்து, வேதனை ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். நான்கு என்றேன். அதிகம் சொன்னால் மறுபடி கூப்பிடுவாரோ என்ற பயம்.

உண்மையில் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ஊரிலிருந்து அக்கா வரட்டும், அப்போது அழுதுகொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். விடுப்பைச் சேர்த்து வைக்கிற மாதிரி. நான் அழுவதைப் பார்த்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். புதிதாக இன்னொருவரைப் பழக்க இந்த வயதில் தெம்பில்லை. ஆனால் அக்காவுக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது.

அன்று மாலை போனில் அக்காவுக்கு விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் இருந்த பேன்சிப் பூக்களைக் காட்டினேன்.

"இன்னாடா அது, பொஸ்தகத்துல நம்ம மூஞ்சிப்பூ?"

"விதை விக்கிறாங்க. சும்மா அனுப்பியிருக்காங்க."

"வாங்கிப் போடு."

"இந்தப் பனியிலயா?"

"ஏன்டா, குளிருக்குன்னே பொறந்த செடிடா அது. நான் இந்த வெயில்ல முளைக்க வைக்கிறேன். ஒனக்கு அங்க இன்னா நோவு? வூட்டுக்குள்ள உசுரோட ஏதாச்சும் இருக்கட்டும். அந்தப் புள்ளையும் நீயும் செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க."

2

அக்கா பெயர் தனபாக்கியம். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் வீடு. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் நாற்றங்காலில் இருபத்திரண்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி; அதாவது ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அக்கா மாற மாட்டாள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கியவர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பையன்களுக்கு வேலை என்று ஊரில் பேச்சு வந்தபோது, எங்களிடம் கொடுப்பதற்குக் கதவு மட்டும் இருந்தது. அதுவும் சரியாகச் சாத்தாது. அக்கா எட்டாவதோடு நின்றாள். நான் டிப்ளமோ படித்தேன், துபாய் போனேன், இங்கே வந்தேன். பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊரில் பிறந்து, எண்ணெய் மணல் தோண்டும் கம்பெனிக்கு உதிரி பாகம் வாங்கிக் கொடுக்கிறேன். பூமியில் குழி பார்க்காமல் எனக்குச் சம்பளம் வந்ததே இல்லை.

அக்காவின் வேலை குளிர் இல்லாத ஊரில் குளிர்காலம் தயாரிப்பது. ஜனவரியில் மலர்க் கண்காட்சி, குடியரசு தின மைதானத்தில் வரிசையாகத் தொட்டிகள், அதிகாரிகளின் பெரிய குவார்ட்டர்ஸ் அம்மாக்களுக்குள் தோட்டப் போட்டி. இவற்றுக்கெல்லாம் பேன்சி, பெட்டூனியா, டயாந்தஸ், ஸ்னாப்டிராகன் வேண்டும். விதை பெங்களூரிலிருந்து பாக்கெட்டில் வரும். நாற்றங்கால் பெண்கள் அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டவில்லை. இதழில் கண்ணும் வாயும் வரைந்த மாதிரி இருப்பதால் பேன்சி மூஞ்சிப்பூ. பெட்டூனியா ஸ்பீக்கர் பூ. ஸ்னாப்டிராகன், பக்கவாட்டில் அழுத்தினால் வாயைத் திறப்பதால், மேஸ்திரிப் பூ.

ஆயுத பூஜை கழிந்ததும் விதைப்பு. செம்மண், ஆற்று மணல், சலித்த சாண எரு. பெட்டூனியா விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மணலில் கலந்து, மடித்த காகிதத்தில் வைத்து விரலால் தட்டித் தட்டித் தூவ வேண்டும். தும்மினால் ஒரு பூங்கா போய்விடும். சட்டிகளை ஓலைக் கொட்டகையின் வடக்குப் பக்கம் அடுக்கி, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயில் ஒரு கோடுகூட விழாமல் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஐப்பசி மழை வரும். வெயிலிலிருந்து காப்பாற்றியதை மழையிலிருந்து காப்பாற்ற வேண்டும். தை மாதம் ஒரு மூன்று வாரம் பூக்கும். அதற்குள் யாருக்காவது கோப்பை கிடைத்துவிடும். மாசியில் கருகிவிடும்.

கோப்பையில் அக்காவின் பெயர் இருக்காது. அது பரவாயில்லை. வேறு எதிலும் இருக்காது என்பதுதான் விசா அலுவலகத்தில் வந்த தொல்லை. சுமதிக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து மூன்றே மாதம். அவள் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு முறை விண்ணப்பித்தோம், இறந்த பிறகு ஒரு முறை. வேலைக்குச் சான்று கேட்டார்கள். மேஸ்திரி வருகை எழுதும் கோடுபோட்ட நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது: தன் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்று நம்பும் அளவுக்கு விண்ணப்பதாரரின் வேலை நிலை இல்லை.

அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"திரும்பி வராம அந்த ஐஸுல ஒக்காந்து இன்னாடா பண்ணுவேன்?"

3

விதை வாங்கினேன். அக்கா சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே செய்தேன். அதுதான் தவறு.

வீட்டின் நிலவறையில், வெளிச்சம் வராத வடக்கு மூலையில் தட்டுகளை வைத்தேன். சாக்கு கிடைக்கவில்லை. காபிக் கொட்டை விற்கும் கடையில் கெஞ்சி ஒரு பை வாங்கி வந்து நனைத்துப் போர்த்தினேன். பதின்மூன்றாம் நாள் முளை வந்தது. அக்காவுக்குக் காட்டினேன். "சாக்க எடுக்காத, வெயில் பட்டுடப் போவுது" என்றாள். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. நான் கீழ்ப்படிந்தேன்.

ஒரு வாரத்தில் நாற்றுகள் வெளிறி, சேமியா மாதிரி நீண்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன. யாழினி துணி துவைக்க இறங்கி வந்தவள் ஐந்து நொடி பார்த்தாள்.

"அப்பா, செடிக்கு வெளிச்சம் வேணும். மூணாம் கிளாஸ்ல சொல்லிக் குடுப்பாங்க."

"அத்தை வேணாம்னாங்க."

"அத்தை எங்க இருக்காங்க?"

தட்டுகளைக் குப்பையில் கொட்டினேன். அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சூரியனோடு சண்டை போட்டவளிடம், இங்கே சூரியனைக் காசு கொடுத்து டியூப்லைட்டாக வாங்கித் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

"நாலு விரக்கடை தூரத்துல லைட்டா? கருவிப்பூடும்டா!"

"கருகாதுக்கா. அது சூடே இல்லாத லைட்டு."

"சூடு இல்லாத வெயிலு. அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒன்னும் அங்க ஆவாது."

ஆயிற்று. இரண்டாம் விதைப்பில் வெளிச்சம் மட்டும் யாழினி சொன்னபடி, மற்றதெல்லாம் அக்கா சொன்னபடி. மேலே தண்ணீர் ஊற்றாதே, தட்டைத் தண்ணீரில் உட்கார வை, அடியிலிருந்து குடிக்கட்டும். மேலே ஊற்றினால் கழுத்து அழுகும். நான்கு இலை விட்டதும் பிரித்து நட வேண்டும். ஈர்க்குச்சிக்குப் பதில் பல் குச்சி வைத்துக்கொண்டேன். அக்கா போனுக்குள்ளிருந்து அதட்டிக்கொண்டே இருந்தாள்.

"தண்டப் புடிக்காத! எலையப் புடி. எல போனா இன்னொரு எல வரும். தண்டு நசுங்கினா ஆளே போச்சி."

"சரிக்கா."

"மொதல்ல நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"இன்னா சாப்ட்ட?"

பொய்க்கு விவரம் கேட்டால் எனக்கு வராது. "பிரெட்" என்றேன்.

4

மே மாதக் கடைசியில் வாசலில் நட்டேன். ஜூனில் பூத்தன. ஊதா, மஞ்சள், கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு. ஐம்பது முகங்கள் தெருவைப் பார்த்து நின்றன. எதிர்வீட்டுக்காரர் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சாலையைக் கடந்து வந்து, நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நன்றி சொல்லிவிட்டு, அவர் பெயர் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று உள்ளே போய்விட்டேன்.

காய்ந்த பூவை உடனே கிள்ள வேண்டும். இல்லையென்றால் விதை கட்டிவிடும். விதை கட்டினால் வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். அலுவலகம் விட்டு வந்ததும் தினமும் அரை மணி நேரம் குனிந்து கிள்ளினேன். சில நாள் யாழினி படியில் உட்கார்ந்து போனில் விரல் ஓட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள், தோழி ஒருத்தியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "எங்கப்பா செடியோட பேசற டைப் ஆயிட்டார்." நான் செடியோடு பேசவில்லை. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். திருத்தப் போகவில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் திருத்தங்கள் இல்லை.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு யோசனை சொன்னது அக்காவே. ஒரு பெரிய குவார்ட்டர்ஸில் ஓர் அம்மா இருந்தார். தோட்டப் போட்டியில் நான்கு வருடம் தொடர்ந்து முதல் பரிசு. நாற்று அத்தனையும் அக்கா கை. அந்த அம்மா கணவரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் சாரம்: தனபாக்கியத்தைப் போக விடுகிறோம், ஆனால் டிசம்பர் நடவுக்குள் அவர் திரும்பி வந்தே தீர வேண்டும், அவர் இல்லாமல் என் பேன்சிகளுக்கு எதிர்காலம் இல்லை.

இருபத்திரண்டு வருட வருகை நோட்டு சாதிக்காததை ஒரு வரி பேன்சி சாதித்தது. ஆகஸ்டில் விசா வந்தது. செப்டம்பர் கடைசியில் வந்து டிசம்பர் தொடக்கத்தில் திரும்பிப் போகும்படி டிக்கெட் எடுத்தேன். நிலவறையை ஒட்டிய விருந்தினர் அறையில் இருந்த பெட்டிகளை நகர்த்தினேன். அக்காவுக்கு நிலவறை ஈரம் ஆகாது என்று ஒரு ஹீட்டர் வாங்கினேன். கடைசியில் ஒருநாள் அழப்போகிறோம் என்று தேதி போட்டு வைத்திருந்தது விசித்திரமாகத்தான் இருந்தது. பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்த மாதிரி.

5

டிக்கெட் எடுத்த பத்தாம் நாள் மாமா போன் செய்தார். அக்காவின் கணவர். லாரி ஓட்டியவர்; சர்க்கரையால் காலில் ஆறாத புண், இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். தானாகப் போன் செய்கிறவர் இல்லை.

"மச்சான், ஒன்னு சொல்றேன். நான் சொன்னன்னு ஒங்க அக்காவுக்குத் தெரியக்கூடாது."

"சொல்லுங்க மாமா."

"பழைய காண்ட்ராக்ட் ஆளுங்கள லிஸ்ட் எடுக்கறாங்கப்பா. அக்டோபர், நவம்பர். நேர்ல வந்து பேர் கூப்ட்டுப் பாப்பாங்களாம். ஆள் நின்னாத்தான் பேர் ஏறும், அப்புறம் படிப்படியா பர்மனென்ட்டுன்னு மேஸ்திரி சொல்றாரு. எப்ப வருவாங்க, எந்த நாளுன்னு சொல்ல மாட்டாங்க. அந்த ரெண்டு மாசம் ஆள் இல்லன்னா அவ்ளோதான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? அவதான் மொத ஆளா வந்து சொன்னா. சொல்லிட்டு, தம்பி வூட்டுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம், லிஸ்ட்டு எங்க போயிடப் போவுதுங்கறா. போயிடும் மச்சான். மறுபடி எடுக்க எத்தினி வருசமோ. அவளுக்கு இப்பவே அம்பத்திநாலு."

மாமாவே தொடர்ந்தார். "என் காலுக்காவ சொல்லல. ஆஸ்பத்திரி கார்டு கெடைக்கும், அது வேற. அவ ஒரு நாளு, கழுத்துல போட்டோ போட்ட கார்டு மாட்டிக்கினு மெயின் கேட்டுக்குள்ள போணும்னு சொன்னா. அதான்."

வைத்துவிட்டார். திரும்பி வருவதற்கு அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று இரண்டு வருடமாக மூன்று மனுக்களில் நிரூபிக்கப் பார்த்தேன். நிரூபித்தாயிற்று. இப்போது அவள் இங்கே வந்தால் அது இருக்காது.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன். முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அக்கா, செப்டம்பர்லேர்ந்து என்னை வடக்கே சைட்டுக்கு அனுப்பறாங்க. மூணு மாசம். வூட்ல யாரும் இருக்க மாட்டோம். நீ அடுத்த வருஷம் வாயேன்."

"பாப்பா?"

"சிநேகிதி வீட்ல இருப்பா."

"வயசுப் பொண்ண அடுத்தவங்க வூட்ல வுட்டுட்டு நீ சைட்டுக்குப் போற."

"ஆமா."

"சைட்ல இன்னா சாப்பிடுவ?"

"பிரெட்."

அவளுக்குப் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துப் போனது.

"ஒங்க மாமா போன் பண்ணாரா?"

"எந்த மாமா?"

"எத்தினி மாமாடா வச்சிருக்க நீ? அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து பாக்கறேன், ஒரு பொய் நெட்டா நிக்க மாட்டேங்குது ஒனக்கு." குரல் மாறியது. "நான் வரேன்டா. அவ செத்தப்பவும் வரல. லிஸ்ட்டு கெடக்குது கழுத."

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்."

"யாரக் கேட்டுப் பண்ண?"

"பண்ணிட்டேன்கா."

அதுவும் பொய். அவள் வைத்த பிறகுதான் விமானக் கம்பெனியைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, பயணத்தை ரத்து செய்யக் காரணம் என்ன என்று கேட்டாள். தன் திரையில் இருந்த பட்டியலை அவளே படித்தாள்: உடல்நலம், மரணம், மற்றவை. மற்றவை என்றேன்.

திரும்பிப் பார்த்தால் யாழினி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீ எங்கயும் போகலையே?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ அத்தை ஏன் வரலை?" நடந்ததைச் சொன்னேன். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. எந்தப் பாதி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு மாடி ஏறினாள். விருந்தினர் அறைக்குள் பெட்டிகளை மறுபடி கொண்டுவந்து வைக்கும் வேலை எனக்கு இருந்தது.

6

அக்டோபர். இங்கே செடிகளைப் பிடுங்கிப் போடும் மாதம், அங்கே விதைக்கும் மாதம். ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோவில் வந்தாள். அவளுக்கு அது காலை. நாற்றங்கால் கொட்டகை. போனைச் சட்டி அடுக்கிய பலகையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மடித்த காகிதம், ஒற்றை விரல், தட்டு, தட்டு.

பின்னாலிருந்து ஒரு பெண் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"யாருக்கா இது, வேல செய்யறதப் பாத்துக்கினு? ஆபீசரா?"

"என் தம்பி. கனடால இருக்கான். பொண்டாட்டி செத்துப்போச்சி, பாவம். சும்மா பாத்துக்கினு இருக்கட்டும்."

"அய்ய, அப்டியா." அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். "சாப்ட்டீங்களாங்க?"

சாப்பிட்டேன் என்றேன். "மேஸ்திரிப் பூ ஒங்களுக்கு வந்துச்சாங்க?" என்றாள். அது வரவில்லை என்றேன். "வராதுங்க, அதுக்கு இங்க ஒரு ஆள் இருக்காரு" என்றாள். கொட்டகையில் நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம். யாரோ, "வந்துட்டாங்கடி" என்றார்கள். வேலை நேரத்தில் போன் இருக்கக் கூடாதோ என்னவோ, அக்கா சட்டென்று அதைப் பலகையில் கவிழ்த்து வைத்தாள். கட் செய்யவில்லை. திரை கறுப்பாயிற்று. காலடிச் சத்தம், மேஸ்திரி குரல், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, ஓர் ஆண் குரல் காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைப் படிக்கத் தொடங்கியது. அஞ்சலை. இருக்கேங்க. கோவிந்தம்மா. இருக்கேங்க. மஞ்சுளா. இருவர் பதில் சொன்னார்கள். எந்த மஞ்சுளா என்று சிறு குழப்பம். சோப்பு நுரையோடு ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பட்டியல் நீண்டது. விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கே. தனபாக்கியம்."

"இருக்கேங்க சார்."

அதற்குப் பிறகு யாரையெல்லாம் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் முதலில் குழாயினுடையது என்றுதான் நினைத்தேன். தண்ணீரை நிறுத்தினேன், அது நிற்கவில்லை. மாடியில் யாழினியின் பாட்டு நின்றது. படியில் காலடி கேட்டது.

ஜீப் கிளம்பிப் போன பிறகு போன் நிமிர்ந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றவளையும் பார்த்தாள். தன் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்; கையிலிருந்த மணல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"அழுவு. பாப்பா, நீயும் அங்கயே இரு," என்றாள். "கட் பண்ணாதீங்க. இன்னும் நாலு சட்டி பாக்கி இருக்குது. போட்டுக்கினே கேக்கறேன்."